பெயரறியாப் பூ

நமது பழைய அகராதிகளைப் புரட்டிப் பழகியவர்கள் ஒரு சிறு ஏமாற்றத்தை அறிந்திருப்பீர்கள். பாட்டிலே ஒரு பூவின் பெயர் வருகிறது. அது எந்தப் பூவென்று அறிய ஆவலோடு அகராதியை எடுக்கிறோம். பெயருக்கு எதிரே 'ஓர் பூடு' என்றிருக்கும். அல்லது 'ஓர் மரம்' என்றிருக்கும். சற்றுத் தாராளமான அகராதியாயின் 'ஒருவகைச் செடி' என்று கூறும். 1842ஆம் ஆண்டில் அச்சேறிய மானிப்பாய் அகராதி நமது மண்ணின் பெருமைக்குரிய நூல். தமிழ்ச் சொற்களுக்குத் தமிழிலேயே பொருள் கூறி முதலில் அச்சில் வந்த அகராதிகளுள் அது முக்கியமானது. ஆனால் அதுவும் பூக்களைப் பொறுத்தவரை இந்தச் சிக்கனத்தையே கைக்கொண்டது.

நிகண்டுகள் இன்னொரு வகை. ஆறுமுக நாவலர் பதிப்பித்த சூடாமணி நிகண்டை நமது பாட்டன்மார் திண்ணைப் பள்ளிகளில் மனப்பாடம் செய்தனர். அதில் மரப்பெயர்களுக்கென்றே ஒரு தொகுதி உண்டு. ஒரு மரத்துக்கு நான்கு பெயர், ஐந்து பெயர் என்று அது அடுக்கிச் செல்லும். அந்தப் பெயர்களுள் ஒன்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் மற்றவை விளங்கும். ஒன்றுமே தெரியாவிட்டால், ஐந்து பெயரையும் மனப்பாடம் செய்த பின்னரும் மரம் கண்ணுக்கு முன்னே வந்து நிற்காது. இதற்காக நிகண்டுகாரரைக் குறை கூறுவது நியாயமன்று. அவர் எழுதிய காலத்தில் மாணவனின் வீட்டுக் கோடிக்குள்ளே அந்தச் செடி நின்றது. அவனுக்கு வேண்டியிருந்தது செய்யுட் பெயர் மட்டுமே. இன்று நிலைமை தலைகீழ். செய்யுட் பெயர் நமது பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. செடிதான் எங்கே என்று தெரியவில்லை.

பூக்களின் பெயர்கள் என்றதும் தமிழ் படித்த எவருக்கும் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு நினைவுக்கு வரும். 261 அடிகள் கொண்ட அந்தப் பாட்டில் தலைவியும் தோழியும் அருவியாடிப் பறித்துக் குவித்த மலர்களாக 99 பெயர்களைச் சொல்வது வழக்கம். உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889இல் பதிப்பித்தபோது, இந்த மலர்ப் பட்டியல் அவரை எவ்வளவு அலைத்தது என்பதை அவரே பின்னாளில் 'உதிர்ந்த மலர்கள்' என்ற கட்டுரையில் சுவைபட எழுதியிருக்கிறார். அவரிடமிருந்த ஏடுகளில் அந்த இடத்திலே சில பூக்களின் பெயர்கள் விடுபட்டிருந்தன. உரையைப் பார்த்தால் பூக்கள் இருக்கின்றன, மூலத்திலே இல்லை. தருமபுரம் ஆதீனத்து ஏட்டிலேதான் உதிர்ந்த பெயர்கள் அவருக்கு அகப்பட்டன. தேமா, மணிச்சிகை, உந்தூழ், கூவிளம் முதலியவை அப்படித் திரும்பி வந்தவை. சில சொற்களுக்காக ஒரு மனிதர் ஊரூராக அலைந்தார் என்பதை இன்றைய மாணவருக்கு விளக்குவது எளிதன்று.

ஆயினும் பெயர் கிடைத்துவிட்டதனால் பூ கிடைத்துவிட்டதாகாது. அந்தத் தொண்ணூற்றொன்பதிற் பலவற்றுக்கு உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பெயரோடு 'பூ' என்ற சொல்லைச் சேர்ப்பதோடு அமைந்துவிடுகிறார். உந்தூழ் என்றால் பெருமூங்கில், கூவிளம் என்றால் வில்வம் என்று சிலவற்றுக்கே வேறு பெயர் கூறி உதவுகிறார். அனிச்சம் எது? மோந்த மாத்திரத்தில் வாடுவது என்று வள்ளுவர் வாயிலாக அறிகிறோம். இன்ன செடிதான் என்று கூறியவர்கள் பலர். ஒருவர் கூறியதை மற்றவர் ஏற்கவில்லை. முற்றுகைப் போருக்குரிய உழிஞையை முடக்கொத்தான் என்பாரும் உளர், மறுப்பாரும் உளர். பி. எல். சாமி போன்ற அறிஞர்கள் சங்க இலக்கியத்தையும் தாவரவியலையும் அருகருகே வைத்து ஆண்டுக்கணக்கில் உழைத்ததனால்தான் இன்று பல மலர்களைப் பற்றி ஓரளவு துணிந்து பேச முடிகிறது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அகராதிகாரர் கைவிட்ட இடத்தில் பல சமயங்களில் நமக்குக் கைகொடுப்பவர் புலவரே. பாட்டிலே வரும் பூவை அலங்காரம் என்று கருதி ஒதுக்கிவிடுகிறோம். அது பெருந்தவறு. குறுந்தொகையின் 202ஆம் பாடலை எடுத்துக் கொள்ளுங்கள். அள்ளூர் நன்முல்லையார் பாடியது. முன்பு இனிமை செய்த தலைவன் இப்போது துன்பம் செய்கிறான். அதற்குத் தலைவி கூறும் உவமை நெருஞ்சி. அந்த உவமைக்குள் என்னென்ன இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். நெருஞ்சி எங்கே வளர்கிறது? புன்புலத்திலே, அதாவது நீர்வளமற்ற வறண்ட நிலத்திலே. எப்படி வளர்கிறது? ஒன்றோடொன்று நெருங்கிப் படர்ந்து. இலை எத்தகையது? சிறியது. பூ எத்தகையது? புதிதாகப் பூத்தபோது கண்ணுக்கு இனியது. பிறகு என்ன ஆகிறது? முள்ளைத் தருகிறது. நிலம், வளரும் இயல்பு, இலை, பூ, காய் என ஐந்தும் வந்துவிட்டன. ஒரு தாவரவியல் மாணவன் களப்புத்தகத்திலே எழுத வேண்டிய குறிப்பும் இதே ஐந்துதானே!

புறநானூற்றிலே மோசிகீரனார் அதே நெருஞ்சிக்கு மேலும் இரண்டு அடையாளம் சேர்க்கிறார். 155ஆம் பாட்டு. பூ பொன்னிறமானது, எழுகின்ற ஞாயிற்றை எதிர்கொண்டு மலர்வது. வறிய புலவரின் உண்கலங்கள் கொண்கானத்துத் தலைவனை நோக்கி நிற்பதற்கு அதனை உவமையாக்குகிறார். அந்த நெருஞ்சி எங்கே நிற்பதாக அவர் கூறுகிறார் தெரியுமா? பாழூரிலே. மனிதர் விட்டுப் போன ஊரிலே. இந்த ஒரு சொல்லை நான் மாணவனாக இருந்தபோது கவனியாது கடந்திருப்பேன். ஆனால் 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்குப் போய், அடுத்த ஆண்டு திரும்பி வந்து தன் வளவைப் பார்த்த தலைமுறைக்கு 'பாழூர் நெருஞ்சி' என்பதற்கு உரை வேண்டியதில்லை. வாசற்படி வரை அது படர்ந்திருந்தது.

இனி, இந்தப் பேச்சுக்குக் காரணமான பூவுக்கு வருகிறேன்.

2011ஆம் ஆண்டு தை மாதம். வகுப்பிலே மேற்சொன்ன குறுந்தொகைப் பாட்டைப் படித்து முடித்திருந்தோம். 'உங்கள் ஊர்த் தரவையிலோ தோட்டத் தறையிலோ நிற்கும் ஏதாவது ஒரு பூவை, நன்முல்லையார் சொன்னது போல ஐந்து குறிப்பில் எழுதி வாருங்கள்' என்று மாணவரிடம் கூறியிருந்தேன். கொழும்புத்துறையிலிருந்து வரும் மாணவன் ஒருவன் எழுதி வராமல் செடியின் கொப்பையே கொப்பித் தாளிற் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"சேர், இது தும்பை தானே?" என்றான்.

கொழும்புத்துறையை அறியாத நேயர்களுக்கு ஒரு சொல். யாழ்ப்பாண நகருக்குக் கிழக்கே, கடனீரேரிக் கரையில் அமைந்த ஊர். பெயரிலேயே துறை இருக்கிறது. யோகர் சுவாமிகள் இலுப்பை மர நிழலில் இருந்ததும், பின்னர் பல்லாண்டு காலம் சிறு குடிலில் வாழ்ந்து 1964இல் சமாதியடைந்ததும் அந்த ஊரிலேதான். கரையை அண்டிய பக்கம் தரவை. உட்புறம் பனங்கூடலும் தோட்டக் காணிகளும். 1995க்குப் பிறகு 2000ஆம் ஆண்டிலும் போர் அந்தப் பக்கத்தைத் தொட்டது. அதனால் ஆண்டுக்கணக்காக மண்வெட்டி படாமற் கிடந்த காணிகள் அங்கே பல. பையனின் அம்மம்மாவின் காணியும் அவற்றில் ஒன்று.

வெள்ளைப் பூவாக, சிறிதாக இருந்ததனால் அவன் தும்பை என்று எண்ணியது இயல்பே. வகுப்பில் எல்லோருமாகச் சேர்ந்து அதனை ஆராய்ந்தோம். தும்பையின் தண்டை விரல்களுக்கிடையில் உருட்டிப் பாருங்கள். நான்கு பட்டையாக இருக்கும். அதன் பூ தண்டைச் சுற்றிக் கணுக்கணுவாகக் கொத்தில் அமரும். ஒவ்வொரு பூவும் கீழ் உதடு நீண்ட ஒரு வாய் போலிருக்கும். இந்தச் செடியின் தண்டோ உருண்டு, நெடுக வரி ஓடியிருந்தது. பூக்கள் கணுவிலல்ல, கிளைநுனிகளில் விரிந்திருந்தன. ஆகவே தும்பையன்று. ஒருவன் வேளை என்றான். வேளையின் இலை கைவிரல் போலப் பிரிந்தது. பூவுக்கு நான்கு இதழும் நீண்ட கேசரங்களும் உண்டு. அதுவுமன்று. பூளை என்றான் இன்னொருவன். பூளை பஞ்சு போன்றது, இது அப்படியில்லை. இலையைப் பார்த்தால் மாசிப்பத்திரியின் சாயல். ஆழமாகக் கிழிந்து கிழிந்து, கரட் இலையை நினைவூட்டியது. ஆனால் மாசிப்பத்திரியின் மணம் இல்லை. கடைசியில் ஒரு பெண்பிள்ளையின் அறிவு படைத்த பையன் — வீட்டில் அக்காமாருக்குப் பூப்பறித்துக் கொடுத்த அனுபவமாக இருக்க வேண்டும் — 'சேர், மூக்குத்திப் பூண்டின்ரை சொந்தக்காரர் போலக் கிடக்கு' என்றான். அன்று வகுப்பிலே சொல்லப்பட்டவற்றுள் உண்மைக்கு மிகக் கிட்டியது அதுதான்.

உயிரியல் கற்பிக்கும் நண்பரிடம் கொண்டு போனோம். அவர் கைவில்லையை எடுத்துக் காட்டியபோது பிள்ளைகள் முண்டியடித்தனர். நாங்கள் ஒரு பூ என்று எண்ணிய அந்த நான்கு மில்லிமீற்றர் வெள்ளைப் பொட்டு ஒரு பூவன்று. அது பூக்களின் கூட்டம். நடுவிலே நெருங்கி இருப்பவை பல சிறு ஆண்பூக்கள். விளிம்பிலே ஐந்து பெண்பூக்கள் மட்டும். அந்த ஐந்தினாலேதான் அது ஐந்து மூலை கொண்ட விண்மீன் போலத் தோன்றுகிறது. விதை தருபவையும் அந்த ஐந்துமே. சூரியகாந்தி, செவ்வந்தி, மூக்குத்திப் பூண்டு எல்லாம் இந்தக் குடும்பம். பையன் சொன்ன சொந்தம் சரிதான்!

பெயர் கிடைத்தது விவசாயப் போதனாசிரியர் ஒருவரிடம். அவர் கொப்பைத் தூரத்தில் கண்டவுடனேயே, "உதை வெறுங்கையாலே பிடியாதையுங்கோ" என்றார். பிறகுதான் பெயரைச் சொன்னார். பார்த்தீனியம்.

அந்த வாரக் கடைசியில் பையனோடு அவனது அம்மம்மாவின் காணிக்குப் போனேன். மாரி ஓய்ந்து மண் காயத் தொடங்கியிருந்தது. இரண்டு பரப்புக்கு மேல், வேலியிலிருந்து வேலி வரை, இடுப்பளவு உயரத்தில் வெள்ளையாகப் பூத்து நின்றது. பொய் சொல்லக் கூடாது; தூரத்திலிருந்து பார்க்க அழகாகவே இருந்தது. நெருஞ்சியின் புதுமலருக்கு நன்முல்லையார் சொன்ன அடை இதற்கும் பொருந்தும்.

ஆச்சி தலைவாசலில் வந்து இருந்தார். இரண்டு முன்னங்கைகளிலும் கழுத்திலும் தோல் தடித்து, கறுத்து, வெடித்திருந்தது.

"நாங்கள் திரும்பி வரேக்கை உது இஞ்சை நிண்டது, மாஸ்ரர். என்ன செடியெண்டு ஆருக்கும் தெரியாது. ஆட்டுக்குக் குழை இல்லாத நேரம் அறுத்துப் போடுறனான். ஆடும் அவ்வளவா விரும்பித் தின்னாது. இந்தக் கரப்பன் வந்து இரண்டு வரியமாகுது. எண்ணெய் பூசினன், பத்தியம் இருந்தன். மாரிக்குப் பிறகு கூடும், கோடைக்குக் குறையும்" என்றார்.

மாரிக்குப் பிறகு கூடும், கோடைக்குக் குறையும் என்ற அந்த ஒரு வாக்கியத்திலேயே விடை இருந்தது. மாரி மழைக்கு முளைத்து, நான்கு முதல் ஆறு கிழமைகளுக்குள் பூத்துவிடுகிற செடி அது. செடி இருக்கும் காலத்தில் வருத்தம் இருக்கிறது. செடி காயும் காலத்தில் வருத்தம் தணிகிறது. பார்த்தெனின் என்றொரு நச்சுப்பொருள் இந்தச் செடியில் உண்டு. தொடர்ந்து தொடுகிறவர்களுக்குத் தோல் அழற்சியையும், இதன் மகரந்தத்தைச் சுவாசிப்போருக்குத் தும்மலையும் இழுப்பையும் அது உண்டாக்கும். எல்லோருக்கும் உண்டாகும் என்பதில்லை. சிலருக்கு ஆண்டுக்கணக்கில் பழகிய பிறகே உண்டாகும். அதனால்தான் காரணத்தைக் கண்டுபிடிப்பது கடினமாகிறது. இதனைத் தின்ற ஆட்டின் பாலும் மாட்டின் பாலும் கைக்கும்.

வீட்டுக்குள்ளே சாமிப்படத்துக்கு முன்னால் சிறு செம்பொன்றில் அதே வெள்ளைப் பூக்கொத்து வைக்கப்பட்டிருந்ததையும் கண்டேன். யாரும் சூடாத எருக்கம் பூவையும் தெய்வங்கள் வேண்டாம் என்று தள்ளுவதில்லை எனக் கபிலர் பாரியைப் பாடும்போது கூறியிருக்கிறார். ஆகவே ஆச்சியின் பூசையில் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை. கொத்தை மட்டும் வெளியே எடுத்துப் போடச் சொன்னேன். பையனின் தகப்பனார் அடுத்த நாளே ஆச்சியை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய், இந்தச் செடியின் பெயரைச் சொல்லியே மருந்து கேட்டார். அதுவரை கேட்கப்பட்ட கேள்விகளில் செடியைப் பற்றிய கேள்வி இருக்கவில்லை. சொல்வதற்கு ஆச்சியிடம் பெயரும் இருக்கவில்லை.

இந்தச் செடியின் கதை நீண்டது. மெக்சிக்கோவை அண்டிய அமெரிக்க வெப்ப மண்டலமே இதன் சொந்த நிலம். சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இலேயே இதற்குப் பெயரிட்டுவிட்டார். இதே லின்னேயஸ் நமது தீவின் தாவரங்களைப் பற்றியும் 1747இல் ஒரு நூல் எழுதியவர். ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக 1672 முதல் 1677 வரை இலங்கையில் இருந்த போல் ஹேர்மன் உலர்த்தித் தாளில் ஒட்டிச் சேகரித்த செடிகளே அந்த நூலுக்கு ஆதாரம். லின்னேயஸ் இலங்கைக்கு வந்ததில்லை. பேராதனைத் தோட்டத்தின் பணிப்பாளராக இருந்த ஹென்றி ட்ரைமன், 1893 முதல் வெளிவந்த தமது பெருநூலில் இலங்கைத் தாவரங்களைத் தமிழ்ப் பெயர்களோடும் பதிந்தார். அவற்றிலெல்லாம் பார்த்தீனியத்தைத் தேடினாற் கிடையாது. அது அப்போது இங்கே இல்லை.

இந்தியாவிலே 1950களின் நடுப்பகுதியில் புனே நகரப் பக்கத்தில் இது கவனத்துக்கு வந்தது. அமெரிக்காவிலிருந்து உணவுதவியாக வந்த கோதுமையோடு விதை கலந்து வந்திருக்க வேண்டும் என்பது பலரும் கூறும் காரணம். அங்கே இதற்கு மக்கள் இட்ட பெயர் 'காங்கிரஸ் புல்'. ஏன் அந்தப் பெயர் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வர்; அரசியல் இல்லாத கதை ஒன்றும் இல்லை. சில பதிற்றாண்டுகளுக்குள் இந்தியாவின் பெரும்பகுதியில் அது பரவிவிட்டது. 1984இல் மெக்சிக்கோவிலிருந்து இதன் இலையைத் தின்னும் ஒரு வண்டைக் கொண்டுவந்து பெங்களூர்ப் பக்கத்தில் விட்டுப் பார்த்தார்கள். வண்டும் தின்றது, செடியும் இருக்கிறது.

நமது மண்ணுக்கு இது 1987இல் வந்த இந்திய அமைதிப்படையின் இறைச்சித் தேவைக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு வந்து சேர்ந்தது என்று கூறப்படுகிறது. இலங்கையில் இது முறையாகப் பதிவு பெற்றது 1999இல், வவுனியாவிலே. இடைப்பட்ட காலத்தில் இதனைக் கண்டவர்கள் இருந்தனர். ஆராய்வதற்குத்தான் அவகாசம் இருக்கவில்லை. ஒரு செடியிலிருந்து பதினையாயிரம் விதைகளுக்கு மேல் விழும். விதை காற்றிலே போகும், நீரிலே போகும், மாட்டின் குளம்பிலும் உழவு இயந்திரத்தின் சில்லிலும் ஒட்டிப்போகும், மணல் ஏற்றிய லொறியிலும் போகும். சோதனைச் சாவடிகள் பல இருந்த காலத்திலும் அதனை எவரும் மறித்ததில்லை. உழுது, கொத்தி, பயிரிட்ட நிலத்தில் அது இவ்வளவு எளிதாக வேரூன்றியிராது. ஆளில்லாத காணி அதற்கு வாய்ப்பாயிற்று. வேரிலிருந்தும் இலையிலிருந்தும் கசியும் பொருள்களால் அயலிலுள்ள மற்றச் செடிகளை முளைக்க விடாது தடுக்கும் இயல்பும் அதற்கு உண்டு.

தும்பை என்றல்லவா பையன் கேட்டான்? புறத்திணையிலே தும்பை என்பது நேர்நின்று பொரும் போருக்குரிய பூ. போர்வீரர் சூடிப்போவது. படையோடு வந்து, படை போன பின்பும் நிலத்திலே நின்றுவிட்ட இந்தப் பூவுக்குத் தொல்காப்பியர் காலத்தில் திணை வகுக்கப்படவில்லை.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வெளியிலிருந்து வந்த செடி என்பதற்காகவே ஒன்றைப் பகையாகக் கருதுவோமாயின் யாழ்ப்பாணத்தவர் பட்டினி கிடக்க நேரும். நமது குடாநாட்டுத் தோட்டங்களைப் பல தலைமுறை தாங்கிய புகையிலை அமெரிக்கக் கண்டத்தது. செத்தல் மிளகாயும் அங்கிருந்து வந்ததே. மிளகாய்க்கு நாம் மிளகின் பெயரையே சூட்டிச் சொந்தமாக்கிக் கொண்டோம். மூக்குத்திப் பூண்டும், மஞ்சட் பூப் பூக்கும் பிரமதண்டும் அந்தக் கண்டத்திலிருந்து வந்தவைதாம். பிரமதண்டுக்கு எவ்வளவு சைவமான பெயர் பாருங்கள்! வந்தது எங்கிருந்து என்பதைவிட வந்து என்ன செய்கிறது என்பதே கேள்வி.

புதியதொரு செடிக்குப் பெயரிடும்போது தமிழ் மக்கள் கையாண்ட முறை அலாதியானது. வடிவம் பார்த்தார்கள்: மூக்குத்திப் பூண்டு. இடம் பார்த்தார்கள்: அதே செடி கிணற்றடிப் பூண்டு. செய்யும் வேலை பார்த்தார்கள்: அதுவே வெட்டுக்காயப் பூண்டு. ஆடு தொடாதது என்று கண்டு ஆடுதீண்டாப்பாளை என்றார்கள். பெயரைக் கேட்டாலே செடியைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். பார்த்தீனியத்துக்கு நம்மிடையே அப்படியொரு பெயர் நிலைக்கவில்லை. தாவரவியற் பெயரே ஊர்ப்பெயராயிற்று. கிராமத்து முதியவர் ஒருவர் அதனைப் 'பாத்தினியன்' என்று, ஏதோ கடன் வாங்கிவிட்டுத் திருப்பித் தராத ஆளைச் சொல்வது போலச் சொல்லக் கேட்டிருக்கிறேன். தமிழாசிரியனாகிய நான் இதற்கு ஒரு தூய தமிழ்ப் பெயர் ஆக்கித் தர வேண்டும் என்று சில நண்பர்கள் கேட்டதுண்டு. நான் இணங்கவில்லை. தெரிந்து ஒதுங்க வேண்டிய ஒரு செடிக்குப் பத்துப் பேர் பத்துப் பெயர் வைத்தால், மீண்டும் பழைய நிகண்டுச் சிக்கலிலேதான் போய் நிற்போம். வட மாகாண சபை இயங்கிய காலத்தில் பார்த்தீனிய ஒழிப்பு ஓர் இயக்கமாகவே நடந்தபோது, அந்த ஒரே பெயர் இருந்ததனால்தான் பருத்தித்துறையிலும் பூநகரியிலும் ஒரே செடியைப் பிடுங்கினார்கள்.

இப்போது கைபேசியில் படம் பிடித்தால் அதுவே செடியின் பெயரைச் சொல்லிவிடுகிறது. நானும் பயன்படுத்துகிறேன், நன்மையே. ஆனால் பூ மலர்ந்த பின்னர்ப் படம் பிடித்துப் பெயர் அறிவது பார்த்தீனியத்தைப் பொறுத்தவரை காலந்தாழ்ந்த அறிவு. பூக்குமுன் அது வேறு உருவத்தில் இருக்கும். இலைகள் நிலத்தோடு ஒட்டி, வட்டமாக, ஒரு தட்டுப் போல விரிந்து கிடக்கும். அந்த நிலையில் கண்டு, கையுறை போட்டு, ஆணிவேரோடு பிடுங்கிக் காயவைத்து அழித்தால்தான் பயன். வேர் அறுந்தால் மீண்டும் தளிர்க்கும். பூத்த செடியை இழுத்துக்கொண்டு போனால் விதைத்துக்கொண்டு போகிறோம். நிலத்தில் விழுந்த விதை சில ஆண்டுகள் உயிரோடு கிடக்கும் என்பதனால் ஒரு மாரியோடு வேலை முடிந்துவிடாது.

ஆச்சியின் காணியில் அந்த ஆண்டு முழுவதும் பையனும் அவனது நண்பர்களும் வேலை செய்தார்கள். அதனோடு இன்னொரு வேலையும் நடந்தது. அந்தத் தறையிலும் அருகிலுள்ள தரவையிலும் நிற்கும் செடிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து ஆச்சியிடம் காட்டி, அவர் சொல்வதை ஒரு கொப்பியில் எழுதினார்கள். நான் கட்டளையிட்டது இரண்டே இரண்டு: ஆச்சி சொல்லும் சொல்லை மாற்றக் கூடாது, 'ஒருவகைச் செடி' என்று எழுதக் கூடாது. தலைவாசலில் இருந்தபடியே அவர் முப்பதுக்கு மேற்பட்ட செடிகளுக்குப் பெயர் சொன்னார். புகையிலைத் தோட்டத்துக்குப் பசளையாகத் தாழ்த்திய காவிளாயைப் பற்றி அரைப் பக்கம் வந்தது. இந்தியாவில் இதனைக் கொழிஞ்சி என்பர். ஊதா நிறப் பூ. 'எங்கடை காணியிலை முந்தி அதுதான் நிண்டது' என்று அந்தக் குறிப்பு முடிகிறது. நாயுருவிக்கும் நெருஞ்சிக்கும் ஆச்சி சொன்ன கைமருந்துகள் தனியே இருக்கின்றன.

அந்தக் கொப்பியின் பிரதி ஒன்று என்னிடம் உண்டு. பார்த்தீனியத்துக்குரிய பக்கத்தில் ஆச்சி சொல்லியதாகப் பிள்ளைகள் எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கிறேன்:

"பேர் இல்லை. பிள்ளையள் சொல்லுறது பாத்தினியம். விட்ட காணியிலை சடைச்சு நிக்கும். இலை மாசிப்பத்திரி மாதிரி. பூ வெள்ளை, மூக்குத்திக் கல்லளவு, பாக்க வடிவு. தொட்டால் கடிக்கும். ஆடு திண்டால் பால் கைக்கும்."